நிரப்பியும் சாராமையும்: நிகழ்தகவு வரலாற்றில் தேயிலைத் தோட்டத்து எண்கள்

நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியை நோக்கி ஏறும் மலைச்சாரலில் அமைந்த தேயிலை நிலப்பரப்பு டயகம எனப்படும். அங்கும் அயலிலுள்ள ஏனைய தோட்டங்களிலும் தொழிலாளரின் நாள் பெரட்டுக் களத்திலேயே தொடங்குவது நெடுங்கால வழக்கம். வேலைக்கு வந்தவருக்குச் செக்றோலில் ‘பேர்’ விழும்; வராதவருக்கு விழாது. ஆயினும், தோட்டத்தில் உள்ளோர் தொகையும் வந்தோர் தொகையும் தெரிந்தால் வராதோர் தொகை தானே வெளிப்படும். பேர் விழாதவரும் கணக்குக்கு உட்பட்டவரே என்ற உண்மை இவ்வெளிய வழக்கத்துள் அடங்கிக் கிடக்கிறது. ஒரு நிகழ்ச்சி நிகழாது போகும் சந்தர்ப்பங்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்து, அதன் ‘நிரப்பி’ என்று நிகழ்தகவுக் கணிதம் வழங்கும்.

இரு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதனவாயின், ஒன்றும் மற்றதன் நிரப்பியும் சாராதனவே; இரண்டின் நிரப்பிகளும் சாராதனவே. உயர்தர வகுப்பில் இரண்டு மூன்று வரிகளில் நிறுவப்படும் தேற்றம் இது. எளிதில் நிறுவப்படுவதால் எளிதில் மறக்கவும் படுகிறது. ஆனால் இத்தேற்றத்தின் முழுப் பொருளையும் அறிஞர் உலகம் உணர்ந்துகொள்வதற்கு 1922 ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அக்கால இடைவெளியில் எழுந்த ஐயத்துக்கு உரைகல்லாக அமைந்த தரவுகளுள் ஒரு பகுதி தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே எடுக்கப்பட்டது என்பதும், அத்தரவுகள் அவர்தம் உயிரைப் பற்றியவை என்பதும் பலரும் அறியாதவை. அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்தகவுக் கணிதத்தின் பிறப்பிலேயே நிரப்பிக்கு இடமுண்டு. 1654 ஆம் ஆண்டில் பஸ்கால், பேர்மா ஆகிய பிரெஞ்சு அறிஞர் இருவர் சூதாட்டக் கணக்குகள் குறித்துக் கடிதம் பரிமாறிக்கொண்டனர். பகடை ஒன்றை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையேனும் ஆறு விழுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது அக்காலத்து வினாக்களுள் ஒன்று. ஒரு முறை, இரு முறை, மூன்று முறை, நான்கு முறை என ஆறு விழும் வகைகளைத் தனித்தனியே கூட்டுதல் நீண்ட வழி. எந்த முறையும் ஆறு விழாமையைக் கணக்கிட்டு ஒன்றிலிருந்து கழிப்பதே குறுக்கு வழி. ஒருமுறை ஆறு விழாமைக்கான வாய்ப்பு ஆறில் ஐந்து. நான்கு முறையும் விழாமைக்கு 1,296 இல் 625. எனவே ஒரு முறையேனும் விழுவதற்கு 1,296 இல் 671. இங்கே ஒன்றோடொன்று பெருக்கப்பட்டவை ‘ஆறு விழாமை’ என்னும் நிரப்பிகளேயாகும். ஆறு விழுதல்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதிலிருந்து ஆறு விழாமைகளும் சாராதவை என்று கொள்ளப்பட்டது. அதனைத் தனியே நிறுவவேண்டும் என்ற எண்ணம் அன்று எழவில்லை.

சாராமைக்கு ஒரு வரையறை தந்து, பெருக்கல் விதியை அதனோடு பிணைத்தவர் இங்கிலாந்தில் வாழ்ந்த பிரெஞ்சு அகதியான டி மூவர் ஆவார். 1718 இல் முதலில் வெளிவந்து, 1738 இலும் 1756 இலும் விரிந்த பதிப்புகளாக வந்த அவரது நூலில், ஒரு நிகழ்ச்சி நிகழ்வதன் வாய்ப்பும் தவறுவதன் வாய்ப்பும் சேர்ந்து ஒன்றாகும் என்ற விதியும் இடம்பெறுகின்றது. தேற்றத்துக்கு வேண்டிய பொருள்கள் இரண்டும் ஆக ஒரே நூலில் அமைந்துவிட்டன. அவற்றை இணைப்பது கடினமன்று. க, ச என்பன இரு நிகழ்ச்சிகள் எனக் கொள்க. அவை சேர்ந்து நிகழும் நிகழ்தகவு தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கத்துக்குச் சமமாயின் அவை சாராதவை. இனி, க நிகழும்போதெல்லாம் ஒன்றில் ச-வும் உடன் நிகழும். அன்றேல் ச நிகழாது. ஆகவே ‘க உண்டு, ச இல்லை’ என்பதன் நிகழ்தகவைப் பெற, க-வின் நிகழ்தகவிலிருந்து அப்பெருக்கத்தைக் கழித்தல் போதும். எஞ்சுவது, க-வின் நிகழ்தகவை ‘ஒன்று கழித்தல் ச-வின் நிகழ்தகவு’ என்பதாற் பெருக்கிய தொகை. பின்னையது ச-வின் நிரப்பிக்குரிய நிகழ்தகவே. எனவே க-வும் ச-வின் நிரப்பியும் சாராதவை. இதே வாதத்தை மீண்டும் ஒருமுறை செலுத்தினால் இரு நிரப்பிகளும் சாராதவை என்பது பெறப்படும். ஒரு நிகழ்ச்சியும் அதன் நிரப்பியும் தம்முள் சாராதவை என்று இதற்குப் பொருளன்று. ஒன்று நிகழின் மற்றது நிகழாதாகலின், அவை மிக இறுகச் சார்ந்தவை. மாணவர் மயங்கும் இடம் இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தருக்கவியலார் நிரப்பிக்குத் தனிக் குறியீடு வகுத்தனர். 1854 இல் வெளிவந்த தம் நூலில் ஜோர்ஜ் பூல் ஒரு தொகுதியின் நிரப்பியை ‘ஒன்று கழித்தல் அத்தொகுதி’ என்றே எழுதினார். இம்மரபைப் புள்ளிவிபரவியலுக்குக் கொண்டுவந்தவர் உட்னி யூல் (1871–1951). 1900 இல் அவர் வெளியிட்ட ஆய்வுரை, அளக்கமுடியாது உண்டு, இல்லை என்று மட்டுமே பிரிக்கக்கூடிய பண்புகளின் தொடர்பை ஆராய்ந்தது. பண்பு உடையோருக்கு ஓர் எழுத்தும் இல்லாதோருக்கு அதற்கிணையான கிரேக்க எழுத்தும் கொடுத்து, இரு பண்புகளால் விளையும் நான்கு பிரிவுகளையும் ஒரு நாற்கள அட்டவணையில் அவர் அமைத்தார். அம்மைப்பால் குத்திக்கொண்டோருக்கும் பெரியம்மைக்கும் உள்ள தொடர்பு அவர் எடுத்தாண்ட உதாரணங்களுள் ஒன்று. மருந்து பயன் தருமா என்ற வினா, இவ்வாறு, இரு நிகழ்ச்சிகள் சாராதவையா என்ற வினாவாக உருமாறியது.

இக்காலத்தில் ஆசியாவின் தேயிலைத் தோட்டங்களில் வாந்திபேதி பேரச்சம் விளைத்து வந்தது. இலங்கைக்குத் தமிழ்நாட்டின் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் ஆரம்பத்தில் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே சென்றனர். அவ்வடபாதையில் வாந்திபேதிக்கு இரையானோர் பலர். நோய் நாட்டுக்குட் புகாதிருக்கப் பின்னர் தடுப்பு முகாம்கள் ஏற்பட்டன. 1914 இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி இரயிலும் கப்பலும் இணைக்கப்பட்ட பின், மண்டபம் முகாமிற் சில நாட்கள் தங்கிச் சோதிக்கப்பட்டே தொழிலாளர் கடல் கடந்தனர். டயகம போன்ற மேல்மலைத் தோட்டங்களின் லயங்களில் குடியேறிய குடும்பங்களின் முன்னோர் இவ்வழிகளில் வந்தோரே. அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்கோ சோட்டா நாக்பூர் முதலிய பகுதிகளிலிருந்து ஆட்கள் சென்றனர். மொழியும் வழியும் வேறாயினும் லயமும் வாந்திபேதியும் இரு சாராருக்கும் பொதுவாயின.

ஒடெசாவிற் பிறந்து பாரிசிலுள்ள பஸ்தேர் நிலையத்திற் பணியாற்றிய வல்டெமார் ஹாப்கின் (1860–1930), வாந்திபேதிக்கு எதிரான ஊசி மருந்தை 1892 இல் முதலில் தம்முடலிலேயே ஏற்றிச் சோதித்தார். 1893 இல் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவின் சேரிகளிலும், பின்னர் அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் அவரது மருந்து பயன்படுத்தப்பட்டது. ஊசி ஏற்றிக்கொண்டோருள் எத்தனை பேர் பிழைத்தனர் என்று மட்டும் காட்டுவதில் அவர் நிறைவு கொள்ளவில்லை. ஒரே குடியிருப்பில், இயலுமாயின் ஒரே வீட்டில், ஊசி ஏற்றிக்கொண்டோரையும் ஏற்றிக்கொள்ளாதோரையும் அருகருகே வைத்து ஒப்பிட விழைந்தார். இதன் சிறப்பு நோக்கற்பாலது. ஓரிடத்தில் எல்லாருக்கும் ஊசி ஏற்றப்படின், அங்கே ‘ஊசி ஏற்றாதோர்’ என்னும் நிரப்பி வெறுமையாகிவிடும். வெறுமையோடு எதனையும் ஒப்பிடமுடியாது. மருந்தை மறுத்தவர்களும், மருந்து கிட்டாதவர்களும் இல்லாவிடின் மருந்தின் பயனை எண்களால் நிறுவ வழியில்லை.

இவ்வாறு திரண்ட தரவுகளை மேஜர் கிறீன்வூட் (1880–1949) என்பவரும் யூலும் 1915 இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுரையொன்றில் ஆராய்ந்தனர். ‘மேஜர்’ என்பது அவரது பெயரேயன்றிப் படைத்துறைப் பட்டமன்று. அவ்வாய்விலிருந்து எடுத்த தேயிலைத் தோட்ட அட்டவணையொன்று யூலின் புகழ்பெற்ற பாடநூலின் பிற்காலப் பதிப்பிலும் இடம்பெற்றது. தோட்டத்தின் பெயர் ஆங்கில்லை. மொத்தம் 736 பேர். ஊசி ஏற்றியோர் 436. அவருள் நோய் கண்டோர் 5, காணாதோர் 431. ஊசி ஏற்றாதோர் 300. அவருள் நோய் கண்டோர் 9, காணாதோர் 291.

நோய் கண்ட 14 பேரை மட்டும் பார்ப்பவர், அவருள் ஐவர் ஊசி ஏற்றியோராதலின், மருந்து மூவரில் ஒருவரைக் கைவிட்டதென்று கருதக்கூடும். தோட்டத்தில் நூற்றுக்கு 59 பேர் ஊசி ஏற்றியிருந்தனர் என்பதை அவர் மறந்தவராவார். ஊசியும் நோயும் சாராதவையாயின், ஊசி ஏற்றியோருள் நோய் காண்போர் தொகை 436 ஐ 14 ஆற் பெருக்கி 736 ஆல் வகுக்க வருவது, அதாவது 8.29. உண்மையில் கண்டது 5. குறைவு 3.29. இனி ஏனைய களங்களை நோக்குக. ஊசி ஏற்றாதோருள் நோய் காண எதிர்பார்த்தது 5.71, கண்டது 9, மிகுதி 3.29. ஊசி ஏற்றியோருள் நோய் காணாதோர் எதிர்பார்த்தது 427.71, இருந்தது 431, மிகுதி 3.29. இரண்டும் இல்லாதோர் எதிர்பார்த்தது 294.29, இருந்தது 291, குறைவு 3.29. நான்கு களங்களிலும் வேறுபாடு ஒன்றே. குறி மட்டுமே மாறுகிறது. நிரப்பித் தேற்றம் எண்ணுருவில் தோன்றும் இடம் இது. ஒரு களத்தில் வேறுபாடு பூச்சியமாயின் நான்கிலும் பூச்சியம். ஒன்றிற் சார்பு உண்டாயின் நான்கிலும் உண்டு. எந்தக் களத்தைச் சோதிப்பினும் தீர்ப்பு மாறாது.

இவ்வளவும் தெளிவாயிருக்க, எழுந்த ஐயம் யாது? 3.29 என்னும் வேறுபாடு தற்செயலாய் நேர்ந்ததா அன்றோ என்று தீர்மானிக்கும் அளவுகோலைப் பற்றியதே அது. கார்ல் பியர்சன் (1857–1936) 1900 இல் கைவர்க்கச் சோதனையை வகுத்திருந்தார். ஒவ்வொரு களத்திலும் வேறுபாட்டை வர்க்கித்து, எதிர்பார்த்த தொகையால் வகுத்து, அனைத்தையும் கூட்டினால் கைவர்க்கம் வரும். மேலைய தோட்டத்துக்கு அது 3.27. இத்தகைய பெறுமானமோ இதனினும் பெரியதோ தற்செயலாய் வரும் வாய்ப்பை அறியப் பட்டியல் உண்டு. ஆனால் பட்டியலைப் பார்க்குமுன், சுயாதீனமாய் மாறக்கூடிய வேறுபாடுகள் எத்தனை என்று சொல்லியாக வேண்டும். நான்கு களங்களின் மொத்தம் மாறாதாகலின் மூன்று என்பது பியர்சனின் கொள்கை. அதன்படி அவ்வாய்ப்பு நூற்றுக்கு 35. மருந்து பயன்பட்டது என்று சொல்ல அது இடந்தராது. ஆனால் ஊசி ஏற்றியோரிடையே நோய் விகிதத்தையும் ஏற்றாதோரிடையே நோய் விகிதத்தையும் நேரே ஒப்பிடும் வேறொரு முறையில் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 7 என வருகிறது. இவ்விரு முறைகளும் ஒத்துவராமையைக் கிறீன்வூட்டும் யூலும் 1915 இலேயே கண்டனர். ஆயினும் அம்முரணைத் தீர்க்க அவர்களால் அன்று இயலவில்லை.

தீர்த்தவர், றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய ரொனால்ட் பிசர் (1890–1962). 1922 இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் பெரட்டுக் களத்துக் கணக்கப்பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. எதிர்பார்த்த தொகைகள் அட்டவணையின் ஓரக் கூட்டுத்தொகைகளிலிருந்தே கணிக்கப்பட்டன. ஊசி ஏற்றியோர் 436, நோய் கண்டோர் 14, மொத்தம் 736 என்பவை நிலையாகிவிட்டால், ஊசி ஏற்றி நோய் கண்டோர் 5 என்று சொன்ன மாத்திரத்தில் ஏனைய மூன்றும் கழித்தலால் வந்துவிடும். மாறுவதற்கு உரிமை பெற்ற களம் ஒன்றே. மற்ற மூன்றும் அதன் நிழல்கள். ஆகவே பட்டியலிற் பார்க்கவேண்டிய எண் மூன்றன்று, ஒன்று. அப்போது கைவர்க்கமும் நூற்றுக்கு 7 என்றே விடை தருகிறது, முரண் நீங்குகிறது. யூலும் அதே ஆண்டில், தற்செயலால் அமைந்த 350 நாற்கள அட்டவணைகளைப் பரிசோதனை வழியே உண்டாக்கி, பிசர் சொன்னதே நடைமுறைக்கும் பொருந்துவதைக் காட்டினார். பியர்சன் இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. இருவருக்குமிடையே எழுந்த பகைமை புள்ளிவிபரவியல் வரலாற்றில் நெடிது பேசப்பட்டது.

இது அறிஞர்க்கிடையே நிகழ்ந்த சொற்போர் மட்டும் என்று கருதுதல் தவறு. ஆறு தோட்டங்களின் கைவர்க்கப் பெறுமானங்கள் பாடநூலிற் கூட்டிக் காட்டப்பட்டுள்ளன. அவை முறையே 9.34, 6.08, 2.51, 3.27, 5.61, 1.59, கூட்டுத்தொகை 28.40. தோட்டம் ஒன்றுக்கு மூன்று வீதம் பதினெட்டு என்று கொண்டு பட்டியலைப் பார்த்தால், தற்செயலின் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் கூடுதல். ‘ஐயத்துக்கிடம் உண்டு’ என்று மருத்துவர் கைவிடக்கூடிய நிலை அது. தோட்டம் ஒன்றுக்கு ஒன்று வீதம் ஆறு என்று கொண்டால், அவ்வாய்ப்பு இலட்சத்துக்கு எட்டு, ஐயத்துக்கு இடமேயில்லை. நிரப்பிகள் புதிய சான்றல்ல, ஒரே சான்றின் மறுபக்கங்கள் என்று உணராமையால், கண்முன் இருந்த பயன் காணாது போயிருக்கும். எளிய தேற்றமொன்றை மறந்ததன் விலை அதுவாகும்.

பின்னர் 1935 இல் பிசர் தம் நூலொன்றில் எழுதிய தேநீர்ச் சோதனை இதே கருத்தை இனிமையாக விளக்குவது. கோப்பையில் முதலிற் பாலை வார்த்தனரா, தேநீரை வார்த்தனரா என்று சுவையால் அறிவேன் என்கிறார் ஒரு மாது. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில். அவர் நான்கைத் தெரிந்து கூறியதும் எஞ்சிய நான்கும் தாமே தீர்மானமாகின்றன. அவற்றைத் தனியே கேட்பது வீண். தெரிவு செய்யும் வகைகள் 70. தற்செயலாய் முற்றும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70 இல் ஒன்று. கொழுந்து பறித்தோரின் உயிர்க் கணக்கில் முளைத்த ஐயமும் கோப்பையைச் சுவைத்தோரின் விளையாட்டும் ஒரே விதியின்கீழ் வந்தமை குறிப்பிடத்தக்கது.

எண்கள் சார்பைக் காட்டியதும் காரணம் நிறுவப்பட்டதாகாது. இதனைக் கிறீன்வூட்டும் யூலுமே வற்புறுத்தினர். ஒப்பிடப்படும் இரு கூட்டத்தினரும் முக்கியமான எல்லாவற்றிலும் ஒத்திருத்தல் வேண்டும். நோய்க்கு ஆளாகும் சூழல் இருவருக்கும் சமமாயிருத்தல் வேண்டும். ஊசி ஏற்றியதை அறியும் முறையும் நோய் கண்டதை அறியும் முறையும் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். மலையகத் தோட்டங்களின் அமைப்பை அறிந்தவருக்கு இவற்றின் அருமை விளங்கும். டயகமவிலோ வேறெந்த மலைத் தோட்டத்திலோ ஒரு லயத்தார் மேட்டிலுள்ள பீலியிலும் மற்றொரு லயத்தார் பள்ளத்து ஓடையிலும் நீர் மொண்டனர் எனக் கொள்வோம். மேட்டு லயத்தார் ஊசி ஏற்றிக்கொண்டோராயும் பள்ளத்தார் ஏற்றாதோராயும் இருப்பின், அட்டவணை காட்டும் சார்பு ஊசியினுடையதா, நீரினுடையதா? மேலும், ஒரு லயத்தில் ஒருவரைப் பற்றிய வாந்திபேதி அடுத்த காம்பராவையும் பற்றும். நோய் கண்ட ஒன்பது பேர் ஒன்பது தனிச் சான்றுகளா, அன்றி ஒரே ஓடையின் ஒரே சான்றா என்று கேட்கவேண்டும். பகடையின் உருட்டுகளுக்கு இயல்பாய் அமைந்த சாராமை மனிதர் வாழும் லயத்துக்கு இயல்பாய் அமைவதில்லை.

இவ்வரலாறு கணித மாணவருக்கும் வரலாற்று மாணவருக்கும் ஒருங்கே பயன் தருவது. நாற்கள அட்டவணையில் நிரப்பியைக் கழித்தலால் அறியலாம்; ஆனால் கழிப்பதற்கு மொத்தம் தெரிந்திருத்தல் வேண்டும். மன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவருள் தோட்டம் வந்து சேர்ந்தோர் பெயரேட்டில் ஏறினர். வழியில் மாண்டோர் பலரின் பெயர் எவ்வேட்டிலும் ஏறவில்லை. புறப்பட்டோர் தொகை உறுதியாய்க் கிட்டாதவிடத்து, வந்து சேர்ந்தோரின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அப்பாதையின் கொடுமையை அளத்தல் இயலாது. நோய் கண்ட 14 பேரை மட்டும் பார்த்து மருந்தை மதிப்பிடுவது எத்துணைத் தவறோ அத்துணைத் தவறு அது. மலையக மக்களைப் பற்றி எழுதப்படும் அறிக்கை எதுவாயினும், எண்ணப்பட்டோர் யாவர் என்ற வினாவுடன் எண்ணப்படாதோர் யாவர் என்ற வினாவும் எழுப்பப்படுதல் வேண்டும். பெயரறியப்படாத அந்த 300 பேரும் ஏட்டில் எழுதப்பட்டமையாலேயே 436 பேர் ஏற்றிக்கொண்ட மருந்தின் பயன் உலகுக்குப் புலனாயிற்று.